ஐரோப்பாவுக்குப் போகும் இறாலுக்குச் சோதனை உண்டு, சந்தாபுராவுக்கு வருவதற்கு?

நாகப்பட்டினத்துப் பண்ணைக்காரர் ஒருவர் ஐரோப்பாவுக்கு இறால் அனுப்ப நினைத்தால், வலை போடுவதற்கு முன்பே குட்டையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் (எம்பீடா என்று சொன்னால்தான் கடலோரத்தில் புரியும்) இதற்கென்றே ஆய்வகங்கள் நடத்துகிறது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகளின் தடயம் இல்லை என்று சான்று வந்த பிறகே சரக்கு கப்பல் ஏறும். அங்கே போனாலும் விடமாட்டார்கள். இந்தியச் சரக்கில் பத்தில் ஒன்றைச் சோதித்துவந்த ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் அதை இரண்டில் ஒன்றாக்கியது. 2022 நவம்பரிலிருந்து, ஒரு கிலோ இறாலில் குளோராம்பெனிகால் 0.15 மைக்ரோகிராமைத் தொட்டாலே நடவடிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூருவை ஒட்டிய சந்தாபுரா சர்க்கிள் பக்கம் ஐஸ் பெட்டியிலிருந்து அள்ளித் தராசில் போடுகிற இறாலுக்கு இந்தச் சான்று எதுவும் கிடையாது. விலை கேட்போம், உரித்துத் தருவார்களா என்று கேட்போம். விவரம் தெரிந்தவர்கள் கவுண்ட் கேட்பார்கள். 40 கவுண்ட் என்றால் கிலோவுக்கு நாற்பது நிற்கும். எந்தக் குட்டையில் பிடித்தது, என்ன மருந்து போட்டது என்று கேட்பவர் இல்லை, சொல்லக்கூடிய கடைக்காரரும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, இறாலை உள்ளூரிலேயே விற்றால் என்ன என்று ஏற்றுமதியாளர்களும் ஆந்திர அரசும் பேச ஆரம்பித்தார்கள். நல்ல யோசனைதான். இறாலோடு சேர்த்து அந்தச் சோதனையையும் உள்ளூருக்குக் கொண்டுவரச் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது.

ஆன்டிபயாடிக் எங்கிருந்து வருகிறது? குட்டையில் நெருக்கமாக விட்டால் நோய் வரும். விப்ரியோ என்ற பாக்டீரியாவும் வெண்புள்ளி நோயைக் கொண்டுவரும் வைரஸும் இறால்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பவை. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஆனாலும் போட்ட முதல் கண்ணெதிரே மூழ்கும்போது, யாரோ கொடுத்த பவுடரைத் தீவனத்தில் கலக்கிற கை தயங்குவதில்லை. நைட்ரோபியூரானின் மிச்சம் இறாலின் சதையோடு ஒட்டிக்கொள்ளும்; மஞ்சள்தூள் போட்டுக் கழுவினாலும், எண்ணெயில் முறுக வறுத்தாலும் போகாது. குளோராம்பெனிகால் அபூர்வமாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடக்கூடியது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவைச் சொல்ல முடியாததால்தான் அதற்கு முழுத் தடை.

அதற்காக ஒரு தட்டு இறால் வறுவலைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: குட்டையிலேயே மருந்துக்குப் பழகிப்போன கிருமிகள் தண்ணீரோடு வெளியே வந்தால், நாளைக்கு ஆஸ்பத்திரியில் நமக்குப் போடும் ஊசி வேலை செய்யாமல் போகலாம். இன்னொன்று, இறால் தலை கறுத்திருந்தால் மருந்து போட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கறுப்பதற்குக் காரணம் அதன் உடம்பிலேயே இருக்கும் நொதி. ஐஸ் சரியாக வைக்கவில்லை, பிடித்து நேரமாகிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். கண்ணும் மூக்கும் இறால் புதிதா பழையதா என்பதை மட்டுமே சொல்லும். மருந்தை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

இன்று நாம் வாங்கும் பண்ணை இறாலில் பெரும்பகுதி வனாமி. இது நம் கடல் இறால் அல்ல, அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. 2009இல் அரசு அனுமதித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் நோய் இல்லை என்று உறுதியான பிறகே குஞ்சுப் பொரிப்பகங்களுக்குப் போகும். தொழிலின் வித்தே வெளிநாட்டுக் கூட்டுறவில்தான் நிற்கிறது. வெளிநாட்டையே முழுக்க நம்பியிருக்கக் கூடாது என்றுதான் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் நம்நாட்டு வெள்ளை இறாலை மேம்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது.

சர்வதேசக் கூட்டுறவு என்றாலே நல்லது என்று நம்பிவிடவும் முடியாது. 1950களில் நார்வே உதவியோடு கொல்லம் நீண்டகரையில் நடந்த திட்டம் சிறு மீனவர்களுக்கென்று ஆரம்பித்து, இழுவைப்படகுகளிலும் இறால் ஏற்றுமதியிலும் போய் முடிந்தது. அதற்கு நேர்மாறான கதை ஆந்திராவின் மொகல்தூர். 1990களில் வெண்புள்ளி நோய் பண்ணைகளைத் துடைத்துப்போட்ட பிறகு, பாங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய-பசிபிக் நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையங்களின் வலையமைப்பும் எம்பீடாவும் 2000இல் கைகோத்தன. நோய் எந்தக் குட்டையில், எதனால் வருகிறது என்று முதலில் கணக்கெடுத்தார்கள். பிறகு மொகல்தூரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிறு விவசாயிகளை வைத்து ஆரம்பித்தார்கள். குட்டையை நன்றாகக் காயவிட்டு அடியில் படிந்த கறுப்புச் சேற்றை அகற்றுவது, குஞ்சை எல்லோரும் சேர்ந்து சோதித்து வாங்குவது, ஒரே சமயத்தில் விடுவது, ஒருவர் குட்டையில் நோய் வந்தால் பக்கத்துக் குட்டைக்காரருக்குச் சொல்லாமல் தண்ணீரைத் திறந்துவிடாமல் இருப்பது. மந்திரம் எதுவும் இல்லை. நோய் குறைந்தது, மருந்துக்கான தேவையும் குறைந்தது. அந்த அனுபவத்தின்மேல்தான் 2007இல் சிறு பண்ணையாளர்களுக்கான தேசிய மையம் காக்கிநாடாவில் எழுந்தது. உலக உணவு வேளாண் அமைப்பின் மீன்வளக் குழு 2024இல் ஏற்றுக்கொண்ட நிலைத்த நீர்வாழ் உயிரின வளர்ப்பு வழிகாட்டுதல்களும் இந்தத் திசையில்தான் பேசுகின்றன.

பண்ணைக்குப் பக்கத்தில் வாழ்பவர்களின் உரிமை, கேட்டு வாங்கிய உரிமை. நாகை மாவட்டத்தில் வயலும் குடிநீரும் உப்பாகின்றன என்று சர்வோதயத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் போராடினார்கள். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் பாரம்பரிய முறை தவிர்த்த இறால் பண்ணைகள் கூடாது, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிறகு வந்த 2005ஆம் ஆண்டுக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் கூர்மையை மழுக்கிவிட்டது என்பது என் கருத்து. ஆனாலும் அச்சட்டப்படி பதிவு செய்யாமல் பண்ணை நடத்த முடியாது. விண்ணப்பங்களைப் பார்ப்பது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு. சொந்த ஊர் கடலோரமாக இருந்து, வீட்டுக் கிணறு கரிக்கிறது என்றால், பக்கத்துப் பண்ணைக்குப் பதிவு இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் சந்தாபுராவில் உட்கார்ந்தே கேட்கலாம்.

வாங்கிச் சாப்பிடுபவரின் உரிமைக்கு வருவோம். தடைசெய்த மருந்துகளை இறால், மீன் பதப்படுத்தும் இடங்களில் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் 2011இலிருந்தே சொல்கின்றன. திருத்திய விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து பட்டியலை நீட்டின. அதற்கு முந்தைய மாதம், உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குக் குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் மருந்துகளைத் தயாரிப்பதையும் விற்பதையும் மத்திய அரசு தடை செய்தது. ஆக, சட்டத்தில் குறையில்லை. கடையில் யார் வந்து பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு உதவுகிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 40ஆவது பிரிவின்படி, சாதாரண வாடிக்கையாளரே தான் வாங்கிய பொருளை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஒரே நிபந்தனை, வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். “அண்ணா, இதை டெஸ்டுக்குக் கொடுக்கப் போறேன்” என்று சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்பது வேறு விஷயம். தவறு உறுதியானால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும், அறிக்கை மேல்நடவடிக்கைக்கு அதிகாரிக்குப் போகும். இறால் சீக்கிரம் கெடும் பொருள்; எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது.

பில் கேளுங்கள். 2022 ஜனவரி முதல், உரிமம் பெற்ற கடை தன் 14 இலக்க எண்ணைப் பில்லில் அச்சிட வேண்டும். பில் இல்லாவிட்டால் பின்னால் வழக்கை நிரூபிப்பது கடினம். புகாருக்கு 1800112100 என்ற இலவச எண்ணும் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியும் இருக்கின்றன. உடல்நலம் கெட்டு நட்டஈடு கேட்பதானால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இறாலோடு மீனும் வாங்குபவர்கள், விலை மலிவு என்று தொட்டியில் உயிரோடு நெளியும் கெளுத்தியைத் தூக்கும் முன் ஒரு நிமிடம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை மத்திய அரசு ஏற்கெனவே தடை செய்திருக்கிறது. கோழிக்கழிவைப் போட்டு வளர்ப்பதாலும், ஏரியில் தப்பினால் நம் மீன்களையெல்லாம் தின்றுவிடும் என்பதாலும். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதிகாரிகள் அவ்வப்போது இந்தக் கெளுத்திக் குட்டைகளை அழிக்கிறார்கள். நாட்டுக் கெளுத்தியிலிருந்து பிரித்துப் பார்ப்பது பழகாத கண்ணுக்குச் சுலபமில்லை.

கடைசியாக, கடலறிவு. 2021 முதல் 2030 வரை ஐ.நா. கடல் அறிவியலுக்கென ஒதுக்கிய பத்தாண்டு. கடல் நம்மை என்ன செய்கிறது, நாம் கடலை என்ன செய்கிறோம் என்பதைத் தெரிந்துவைத்திருப்பதே கடலறிவு என்கிறது யுனெஸ்கோ. கடலே தெரியாத சந்தாபுராவுக்கு இதில் என்ன வேலை? இந்த வட்டாரத்துச் சாக்கடையும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைப் பக்கத்துக் கழிவும் சந்தாபுரா ஏரியில் சேர்கின்றன. இந்தப் பக்கத்து ஏரிகள் தென்பெண்ணைப் படுகையில் இருப்பவை. அந்த ஆறு ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை கக்கி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூரில் கடலில் கலக்கிறது. கடலோரப் பண்ணைகளும் மீனவர்களும் நம்பியிருப்பது கழிமுகத்துத் தண்ணீரை. குட்டையில் மருந்து போடாதே என்று அவர்களிடம் கேட்கிற நாம், மேலேயிருந்து எதை அனுப்புகிறோம்?

சந்தாபுரா ஏரியைத் தானாக முன்வந்து விசாரித்த தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் ஈடு விதித்தது. இன்றும் தொழிற்சாலைக் கழிவு ராஜகால்வாயில் (மழைநீர் வடிகாலில்) பாய்வதைப் பார்த்தால், தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து முதலில் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சந்தாபுரா புரசபைக்கும் (நகராட்சிக்கும்) எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அசையவில்லை என்றால் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். நட்டஈடும் ஏரிச் சீரமைப்பும் கேட்பதானால் ஐந்து ஆண்டு வரை அவகாசம். நட்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே நின்று பேசலாம்.