விளக்கெண்ணெய் மணந்த ஏரிக்கரை

விளக்கெண்ணெய் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, பாட்டி மூக்கைப் பிடித்துப் புகட்டிய பேதி மருந்துதான். அமெரிக்காவின் பழைய மோட்டார் படகுப் பந்தயப் பிரியர்களுக்கோ அந்த வாசனை வந்தால் இளமையே திரும்பி வந்தாற்போல! மெதனாலில் ஓடிய பந்தய மோட்டார்களுக்கு அதுதான் மசகெண்ணெய். சாதாரண மோட்டார் எண்ணெய் மெதனாலோடு கலக்காது, விளக்கெண்ணெய் கலக்கும்.

படகின் பின்புறம் மாட்டிக் கழற்றும் 'அவுட்போர்டு' மோட்டாரைப் பரவலாக்கியவர் ஓலி எவின்ரூட். நார்வேயில் பிறந்து, சிறுவனாக விஸ்கான்சினில் குடியேறியவர். காதலி பெஸ் கேட்ட ஐஸ்கிரீமை வாங்க ஏரியில் துடுப்புப் போட்டுச் சென்று திரும்புவதற்குள் அது உருகிப் போனதாம். அதில் பிறந்தது யோசனை என்று ஒரு கதை உண்டு. 1909-இல் விற்பனைக்கு வந்த மோட்டாரின் எடை 62 பவுண்டு. சக்தி ஒன்றரைக் குதிரைத் திறன். கடிதமும் கணக்கும் பார்த்துக்கொண்டவர் மனைவியாகிவிட்ட பெஸ்தான்.

1928-இல் அவர்களது 'எல்டோ குவாட்' 18 குதிரைத் திறனை எட்டியது. சாமானியனுக்கும் வேகம் கைக்கு எட்டிவிட்டது. ஒட்டுப்பலகைப் படகைத் தானே செய்து, காரில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஏரிக்கரைக்கு வந்தார்கள். கயிற்றைச் சுற்றி இழுத்தால்தான் மோட்டார் கிளம்பும். சில நாள் கை வலித்ததுதான் மிச்சம்!

பந்தயம் நின்ற இடத்திலிருந்து தொடங்காது. கடிகாரம் கடைசி நிமிடத்தை எண்ண, படகுகள் சுற்றி வந்து, முள் பூஜ்யத்தைத் தொடும்போது முழு வேகத்தில் கோட்டைக் கடக்க வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் தகுதி போய்விடும். மண்டியிட்டு ஓட்டுபவரின் கை விசையை விட்டால் மோட்டார் வேகம் தானே அடங்கும். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தாலும் படகு பிறர்மேல் பாயக்கூடாதே! ஹட்சன் நதியில் ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை சுமார் 130 மைல் நீண்ட பந்தயமும் நடந்தது. மிதந்து வரும் ஒரு கட்டை இடித்தாலே போதும், மாதக்கணக்கான உழைப்பு நொடியில் வீண்.

இத்தனைக்கும் கிடைத்த பரிசு? அமெச்சூர் பிரிவினருக்குக் கோப்பை மட்டுமே. திங்கட்கிழமை காலை மீண்டும் பட்டறை, கடை, அலுவலகம்.

பெஸ் 1933-இலும் ஓலி 1934-இலும் மறைந்தார்கள். 2020-இல் எவின்ரூட் மோட்டார் உற்பத்தியும் நின்றது. ஆனால் பந்தயங்கள் நிற்கவில்லை. தொழிற்சாலை லாபக் கணக்குப் பார்த்து மூடலாம். விருப்பத்துக்கு ஏது கணக்கு?

அலுவலகம் முடிந்து, பஸ் பிடித்து, நாடக ஒத்திகைக்கு ஓடி வரும் நம் சங்கத்து அன்பர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?