எச்ஐவி அடங்கியது, ரத்த அழுத்தம் அடங்கவில்லை

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கிராமங்கள் நிறைந்த மாவட்டம் உம்கன்யகூடே. 2003இல் அங்குள்ள ஆய்வுப் பகுதியில் 15 வயதை எட்டிய ஒருவர் சராசரியாக 49 வயதுவரைதான் வாழ்வார் என்ற நிலை. எய்ட்ஸ் அப்படி வாரிக்கொண்டு போனது. 2004இல் அரசு எச்ஐவி கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2011இல் அந்த ஆயுள் 60ஐத் தாண்டிவிட்டது.

பிழைத்தவர்கள் இப்போது மாரடைப்பும் பக்கவாதமும் வரக்கூடிய வயதில் இருக்கிறார்கள்.

2018 முதல் ஆப்பிரிக்க சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் அதே மாவட்டத்தில் வீடுகளுக்கு அருகிலேயே நடமாடும் முகாம்கள் போட்டது. 17,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தத்தில் எச்ஐவியையும் சர்க்கரையையும் சோதித்தார்கள். மூன்றில் ஒருவருக்கு எச்ஐவி இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸ் கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் நேர்மாறு: பலருக்கு அவை இருப்பதே தெரியவில்லை, தெரிந்தவர்களிலும் பலருக்குக் கட்டுப்படவில்லை.

மருந்து வைரஸை அடக்கினாலும் உடம்பில் மெல்லிய அழற்சி ஓயாமல் நீடித்து ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு. முன்பு பரவலாக இருந்த ஸ்டாவுடின் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்துவிடும். 2009இல் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது உலக சுகாதார நிறுவனம். இன்று கொடுக்கப்படும் டோலுடெக்ராவிர் வீரியமானது, பாதுகாப்பானது. ஆனால் அதை எடுப்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எடை கூடுவதை ஜோகன்னஸ்பர்க்கில் 1,053 பேரிடம் நடந்த ‘அட்வான்ஸ்’ ஆய்வு காட்டியது. அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் வைரஸ் மீண்டும் தலைதூக்கும்.

தடுக்க வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா உட்பட 12 நாடுகளில் 7,769 எச்ஐவி நோயாளிகளிடம் நடந்த ‘ரிப்ரீவ்’ ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. தினமும் ஒரு பிடவஸ்டாடின் மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன.

அந்த மாத்திரையை யார், எங்கே கொடுப்பது? டான்சானியாவிலும் உகாண்டாவிலும் எச்ஐவி, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் ஒரே இடத்தில் கவனிக்கும் மருத்துவமனைகளை ‘இன்டே ஆப்பிரிக்கா’ ஆய்வு சோதித்துப் பார்த்தது. இப்படிச் சேர்த்துக் கவனித்ததால் எச்ஐவி சிகிச்சை பாதிக்கப்படவில்லை. ஆனால் எச்ஐவி மாத்திரைக்கு வெளிநாட்டு நிதி கைகொடுக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையைப் பல கிராமங்களில் நோயாளியே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. எச்ஐவி மருந்துக்குப் பணம் தரும் அரசுகளும் நிதி அமைப்புகளும், விலை மலிவான ரத்த அழுத்த மாத்திரை அம்லோடிபினையும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும்.