மலிவான கேம் யார் பணத்தில் மலிவு?

பெற்றோர்களே, சம்பளம் போட்ட வாரத்தில் உங்கள் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, இந்த கேம் கம்பெனி கடையிலே நூத்தி இருபது வெள்ளி. நான் பார்த்த இடத்துலே நாற்பது வெள்ளிதான். இன்னைக்கே வாங்கிடலாம்பா" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

"படிக்கிற வயசுலே கேம் என்னடா கேம்" என்று ஓர் அதட்டுப் போட்டு அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் அதட்டியதும் ஆசை அடங்கிவிடுமா? கைச்செலவுக் காசைச் சேர்த்துக் கூட்டாளியிடம் கொடுத்து, முகம் தெரியாத யாரிடமோ அவன் வாங்கத்தான் போகிறான். சில சமயம் அம்மாவின் கைத்தொலைபேசியில் இருக்கும் வங்கிக் கணக்கிலும் கை வைக்கக்கூடும். ஆகவே இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைப் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

முன்பெல்லாம் பாசார் மாலாமில் கேம் என்றால் ஒரு தட்டு இருக்கும், ஓர் உறை இருக்கும். நல்லதோ கள்ளத்தனமானதோ, காசு கொடுத்தவன் கையில் ஒரு பொருள் மிஞ்சியது. இன்றைக்குக் கையில் எதுவும் வருவதில்லை. கணினி கேம்களில் பெரும்பகுதி இணையத்தின் வழியாகவே விற்கப்படுகிறது. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய "ஸ்டீம்" இந்தக் கடைகளில் பெரியது. அதில் உங்கள் பிள்ளை பெயரில் ஒரு கணக்கு இருக்கும். வாங்கும் கேம் அந்தக் கணக்கில் ஏறிவிடும்.

பிள்ளைகள் "கீ, கீ" என்று பேசுகிறார்களே, அது என்ன? எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை, அவ்வளவுதான். அதைக் கணக்கில் தட்டினால் கேம் திறக்கும். ஒருமுறை தட்டிய கீ மறுபடி வேலை செய்யாது. அதாவது, கீ என்பது பொருள் அல்ல, விளையாடுவதற்கான அனுமதிச் சீட்டு. சீட்டு கொடுத்தவர், அது முறைகேடாக வாங்கப்பட்டது என்று தெரிந்தால் அதைச் செல்லாததாக்கவும் முடியும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

விலை எப்படிக் குறைகிறது?

நம் புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தே இருக்கிறது. கடலையும் முறுக்கும் போடுகிற குடும்பங்கள் மாவுக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கும் விலை நமக்குத் தெரியும். செய்கிறவரே தம் வீட்டு வாசலில் ஒரு பொட்டலத்தை ஐந்து வெள்ளிக்கு விற்கும்போது, யாரோ ஒருவன் அதே பொட்டலத்தை வேனில் கொண்டு வந்து ஒரு வெள்ளிக்குக் கொடுத்தால், நாம் உடனே வாங்கி வாயில் போட மாட்டோம். "இவனுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? மீதி நாலு வெள்ளியை யார் இழந்தார்கள்?" என்று கேட்போம். கேம் கீ வாங்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இணையத்தில் இரண்டு விதமான கடைகள் உண்டு. ஒன்று, கேம் தயாரித்தவரிடமிருந்து நேராகச் சரக்கு எடுத்து விற்கும் கடை. மற்றொன்று சந்தை. அங்கே கடைக்காரன் சொந்தச் சரக்கு விற்பதில்லை. யார் யாரோ கொண்டு வந்து வைக்கும் கீகளை விற்றுக் கொடுத்துத் தரகு எடுத்துக்கொள்கிறான். அப்படி வருகிற கீகள் எல்லாமே திருட்டு என்று சொல்லிவிட முடியாது. விலை குறைந்த நாட்டில் வாங்கியது இருக்கும், மொத்தக் கட்டில் வந்து மிஞ்சியது இருக்கும். ஆனால் திருட்டுச் சரக்கும் அதே கூடையில்தான் கிடக்கிறது. எது எது என்று வாங்குகிறவனுக்குத் தெரிய வழியில்லை.

திருட்டு நடப்பது இப்படி. ஒருவன் மற்றவர்களின் கடன் அட்டை விவரங்களைக் களவாடுகிறான். அந்த அட்டைகளைக் கொண்டு கேம் தயாரிப்பாளரிடம் நூற்றுக்கணக்கில் கீ வாங்குகிறான். உடனே அவற்றைச் சந்தையில் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறான். அவனுக்குக் கிடைப்பதெல்லாம் லாபம். சில வாரம் கழித்து அட்டைக்குச் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்கிறார். வங்கி அந்தப் பணத்தைத் தயாரிப்பாளரிடமிருந்து திருப்பி எடுப்பதோடு அபராதக் கட்டணமும் போடுகிறது. கேமும் போய், பணமும் போய், மேற்கொண்டு தண்டமும் கட்டும் தயாரிப்பாளர், விற்ற கீயைச் செல்லாததாக்குகிறார். அப்போது கடைசியில் நிற்பது யார்? நாற்பது வெள்ளி கொடுத்த உங்கள் பிள்ளை.

நடந்த சங்கதிகள்

இது கற்பனை அல்ல. செக் நாட்டின் பிராக் நகரில் வூபே என்ற சிறிய நிறுவனம் "ஃபேக்டோரியோ" என்ற கேமைத் தயாரித்தது. அதன் கீகளைத் திருட்டு அட்டைகளால் வாங்கி, ஜி-டூ-ஏ என்ற சந்தையில் விற்றார்கள். இது 2016-ஆம் ஆண்டில் நடந்தது. திருட்டு என்று நிரூபித்தால் தயாரிப்பாளருக்கு ஏற்பட்ட நட்டத்தைப் போல் பத்து மடங்கு தருகிறோம் என்று அந்தச் சந்தை 2019-இல் அறிவித்தது. வூபே 321 கீகளின் பட்டியலைக் கொடுத்தது. சோதித்துப் பார்த்ததில் 198 கீகள் தங்கள் சந்தையில்தான் விற்கப்பட்டன என்று ஜி-டூ-ஏ 2020 மே மாதத்தில் ஒப்புக்கொண்டு, 39,600 அமெரிக்க டாலர் கொடுத்தது. கேட்டு வாதாடிய நிறுவனத்துக்குப் பணம் கிடைத்தது. கேட்கத் தெரியாத எத்தனையோ சின்னக் கம்பெனிகள் இருக்கின்றன.

வாங்கியவர்கள் அடிபட்ட கதையும் உண்டு. 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் என்ற பெரிய நிறுவனம், "ஃபார் க்ரை 4" முதலிய தன் கேம்களைப் பலருடைய கணக்கிலிருந்து திடீரென்று நீக்கியது. வேறொரு கடையில் களவு அட்டையால் வாங்கப்பட்ட கீகள் அவை என்று காரணம் சொன்னது. விளையாடத் தொடங்கிவிட்டவர்களுக்குப் பிறகு மனமிரங்கித் திருப்பிக் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் அந்த இரக்கம் கிடைக்கும் என்று எண்ணி யாரும் காசை இறைக்க முடியாது.

இன்னொரு கேமைப் பற்றியும் நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். அதன் பெயர் "வெண்பா". கனடாவின் டொரோண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023 ஜூலை மாதம் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். பாட்டி வழி வந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் மங்கியும் கிடக்கிறது. விடுபட்டதை யோசித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு செய்ய வேண்டும். அதுதான் விளையாட்டு. பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024-இல் சிறந்த அறிமுக கேம் என்ற விருதை இதற்குக் கொடுத்தது. நம் அடுப்படியை உலகத்துக்குக் காட்டிய இப்படிப்பட்ட சின்னக் குழுக்களுக்கு, விற்கிற ஒவ்வொரு பிரதியும் அடுத்த மாத வாடகை. திருட்டுக் கீ வியாபாரம் முதலில் சாய்ப்பது பெரிய முதலாளிகளை அல்ல, இவர்களைத்தான்.

நேர்வழியிலேயே மலிவு உண்டு

அப்படியானால் சம்பளக்காரன் பிள்ளை முழு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும். கேம் என்பது மீனோ காய்கறியோ அல்ல, நாள்பட்டால் கெடாது. புதிதாக வரும்போது உச்ச விலையில் இருக்கும். ஓராண்டு, ஈராண்டு போனால் பாதியாகும், சில சமயம் கால்வாசியாகவும் இறங்கும்.

ஸ்டீமில் ஆண்டுதோறும் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய மலிவு விற்பனை நடக்கிறது. பிள்ளை கேட்கும் கேமை அங்கேயுள்ள விருப்பப் பட்டியலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். விலை இறங்கினால் கடையே மின்னஞ்சல் அனுப்பும். விலை நம் மலேசிய வெள்ளியிலேயே காட்டப்படுவதால் டாலர் கணக்குப் பார்க்கும் தொல்லையும் இல்லை. எல்லா கேமுக்கும் கழிவு வரும் என்றும் இல்லை. மேலே சொன்ன ஃபேக்டோரியோவை அதன் தயாரிப்பாளர்கள் மலிவு விற்பனையில் விடுவதில்லை என்று கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். அதை எவனாவது பாதி விலைக்குக் கூவி விற்றால் என்ன அர்த்தம் என்று இப்போது உங்களுக்கே புரியும்.

எப்பிக் கேம்ஸ் என்ற கடை 2018 டிசம்பரில் தொடங்கியது. அது வாரந்தோறும் ஏதாவது ஒரு கேமையாவது இலவசமாகக் கொடுக்கிறது. அந்த வாரத்துக்குள் கணக்கில் சேர்த்துக்கொண்டால் பிறகும் அது உங்கள் பிள்ளையுடையதாகவே இருக்கும். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு 2008-இல் தொடங்கிய போலந்து நாட்டுக் கடை ஜி-ஓ-ஜி பொருத்தமானது. பழைய நல்ல கேம்கள் அங்கே குறைந்த விலையில் கிடைக்கின்றன.

வெளியே கீயாகத்தான் வாங்க வேண்டுமென்றால், தயாரிப்பாளரிடம் நேராகச் சரக்கு எடுக்கும் ஹம்பிள், ஃபனாட்டிக்கல், கிரீன் மேன் கேமிங் போன்ற கடைகள் இருக்கின்றன. "இஸ் தேர் எனி டீல்" என்ற இணையத்தளம் இப்படிப்பட்ட அங்கீகாரம் பெற்ற கடைகளின் விலையை மட்டும் வரிசையாகக் காட்டும். வாங்குமுன் அந்தக் கீ மலேசியாவில் வேலை செய்யுமா என்று படித்துப் பாருங்கள். சில கீகள் குறிப்பிட்ட நாடுகளில் மட்டுமே திறக்கும்.

ஸ்டீமிலேயே நேராக வாங்குவதில் இன்னொரு நன்மை உண்டு. வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நம் வீட்டுப் பழைய மடிக்கணினியில் கேம் ஓடவில்லை என்றால்கூட இந்த வழி உதவும். வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் பணம் திருப்பித் தராது.

இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே கேமை ஆளுக்கொன்றாக வாங்கவும் வேண்டாம். ஒரே வீட்டில் வசிக்கும் ஆறு பேர் வரையில் தங்கள் கேம்களைப் பகிர்ந்துகொள்ளும் குடும்ப ஏற்பாடு ஸ்டீமில் 2024 முதல் இருக்கிறது. ஒரு பிரதியை ஒரே நேரத்தில் ஒருவர்தான் விளையாடலாம். அண்ணன் எழுந்தால் தம்பி உட்காரலாம். எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்று பெற்றோர் கட்டுப்பாடு வைக்கவும் அதிலேயே வழி உண்டு.

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய விதிகள்

முதலாவது, வங்கி அட்டையைப் பிள்ளையின் கேம் கணக்கில் பதிந்து வைக்காதீர்கள். ஸ்டீம் பணப்பைக்கான தொகை அட்டைகள் விற்பனையில் இருக்கின்றன. இருபது வெள்ளியோ ஐம்பது வெள்ளியோ வாங்கிக் கொடுத்தால், போனாலும் அவ்வளவோடு போகும். பிள்ளைக்கும் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் பழக்கம் வரும்.

இரண்டாவது, வங்கியிலிருந்து வரும் டேக் எண்ணையும் கணக்கின் இரகசியச் சொல்லையும் எவரிடமும் சொல்லக் கூடாது. "எனக்கு ஓட்டுப் போடு, இலவசமாகப் பொருள் தருகிறேன்" என்று விளையாட்டுக்குள்ளேயே பேச்சுக் கொடுத்து, போலியான பக்கத்தில் இரகசியச் சொல்லைத் தட்ட வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீம் கார்ட் என்ற இரட்டைப் பூட்டைப் போட்டு வையுங்கள்.

மூன்றாவது, "ஒரே கணக்கில் நூறு கேம், பத்து வெள்ளி" என்று விற்கப்படும் கணக்குகள் பக்கம் போகக் கூடாது. கணக்கை விற்பதும் வாங்குவதும் ஸ்டீமின் விதிக்குப் புறம்பானது. விற்றவன் நாளைக்கே இரகசியச் சொல்லை மாற்றிவிட்டால் உங்கள் காசு போனது போனதுதான். பூட்டை உடைத்து இலவசமாகப் போடும் கேம்களும் அப்படியே. கேமோடு சேர்ந்து வங்கி விவரத்தைத் திருடும் நிரலும் வீட்டுக்குள் வரலாம்.

நான்காவது, தனியாளின் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் முதலில் போலீசாரின் "செமாக் மியூல்" இணையத்தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் தட்டிப் பாருங்கள். மோசடிப் புகார் வந்த எண்ணாக இருந்தால் தெரியவரும். பெயர் வரவில்லை என்பதற்காக நல்லவன் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்?

பிள்ளையை அடிப்பதால் பணம் திரும்பாது. அடிக்குப் பயந்து அவன் இரண்டு நாள் மறைத்துவிட்டால் பணத்தைப் பிடிக்கும் வாய்ப்பும் போய்விடும். "எது நடந்தாலும் உடனே வந்து சொல்லு" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தெரிந்தவுடன் உங்கள் வங்கியையோ, 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணையோ கூப்பிடுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பேசிய செய்திகளையும் பணம் கட்டிய சீட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

விற்றவர் நம் நாட்டு வியாபாரியாக இருந்து, பொருளும் தராமல் பணமும் தராமல் இழுத்தடித்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். வழக்கறிஞர் வைக்கவும் தேவையில்லை. நாற்பது வெள்ளிக்காகவா என்று கூச்சப்பட வேண்டாம். வெயிலிலும் மழையிலும் நின்று சம்பாதித்த நாற்பது வெள்ளி அது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை உட்கார வைத்து, அவன் ஆசைப்படும் கேமை விருப்பப் பட்டியலில் போடச் சொல்லுங்கள். அடுத்த மலிவு விற்பனை வரைக்கும் மாதம் ஐந்து வெள்ளி சேர்த்து வைக்கட்டும். விலை இறங்கிய அன்றைக்கு, அப்பா பக்கத்தில் இருக்க, நேரான கடையில் அவனே வாங்கட்டும்.