பூனையும் முக்கோணமும்

பிள்ளைகளுக்கென ஆக்கப்பட்ட கணினி மொழிகளுள் இன்று பெரிதும் வழங்குவது ‘ஸ்கிராட்ச்’ என்பதாகும். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வுக்கூடத்தில், மிட்செல் ரெஸ்னிக் என்பாரின் தலைமையில் அமைந்த குழுவினர் 2007ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். இதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டுவதில்லை. ஒவ்வொரு கட்டளையும் ஒரு வண்ணக் கட்டையாகத் திரையில் இருக்கும். கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால், திரையில் நிற்கும் பூனை அவ்வரிசைப்படியே நடக்கும், திரும்பும், கோடும் வரையும்.

மலேசியாவில் 2017ஆம் ஆண்டில் படிவம் ஒன்றுக்குக் கணினி அறிவியல் அடிப்படை ஒரு பாடமாக வந்தது. சிங்கப்பூரில் 2020 முதல் தொடக்கப்பள்ளி மேல்வகுப்பு மாணவர் அனைவர்க்கும் நிரலாக்கப் பயிற்சி கட்டாயமாயிற்று. பிள்ளைகளுக்கு வந்துவிட்டால் ஆசிரியர்க்கும் வரத்தானே வேண்டும்? கணினியின் சுட்டியைத் தொடவே தயங்கும் மூத்த ஆசிரியர்களும் இன்று இக்கட்டைகளின் முன் அமர்கின்றனர். அங்கே அவர்கள் கற்பது நிரலாக்கம் மட்டுமன்று.

பல்லாண்டு கணிதம் கற்பித்த ஓர் ஆசிரியரை எண்ணிப் பார்ப்போம். பூனையைக் கொண்டு ஒரு சமபக்க முக்கோணம் வரைதல் வேண்டும். நடக்கவிட்டார், பூனை நடந்தது, கோடு விழவில்லை. எழுதுகோலைத் தாழ்த்தும் கட்டை மற்றக் கட்டைகளோடு இல்லை; திரையின் இடப்பக்க அடிமூலையில் உள்ள பொத்தானை அழுத்தித் தனியே வரவழைக்க வேண்டும். அது புலப்படாமல், அடுத்தவர் திரையை ஓரக்கண்ணால் பார்க்கிறார். வகுப்பறையில் இதற்குக் ‘காப்பி அடித்தல்’ என்று பெயர்!

கோடு வந்தபின் அடுத்த இடர் வருகிறது. நூறு அடி நட, 60 பாகை திரும்பு என்று மும்முறை கட்டளை இடுகிறார். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்பதை எத்தனையோ ஆண்டு கரும்பலகையில் எழுதியவர் அவர். திரையில் வருவதோ வாய் திறந்து நிற்கும் ஓர் உருவம், அறுகோணத்தில் பாதி. மீண்டும் அழுத்துகிறார், பூனை இன்னும் மூன்று பக்கம் நடந்து அறுகோணத்தையே முடித்துவிடுகிறது. கேட்டுவிடலாம்தான். ஆனால் அடுத்த நாற்காலியில் உள்ள இளம் ஆசிரியை வரைந்து முடித்துவிட்டார். பயிற்றுநர் வேறு, “இது ரொம்பச் சுலபம் சார்” என்று சொல்லிப் போகிறார். சுலபம் என்று பிறர் சொன்னதைச் செய்ய இயலாதவன் எப்படி வாய் திறந்து கேட்பான்?

இவ்விடத்தில் சீமோர் பாப்பர்ட் என்னும் கணித அறிஞரை நினைத்தல் தகும். ஜெனீவாவில் பியாஜேயுடன் பணியாற்றிய அவர், 1967இல் தோழர்களுடன் ‘லோகோ’ என்னும் மொழியை ஆக்கினார். அதில் கோடு வரைந்தது ஆமை. ஆமையின் வழி புரியாத பிள்ளை, தானே ஆமையாகி நடந்து பார்க்கவேண்டும் என்பது அவர் கண்ட முறை. நம் ஆசிரியரும் எழுந்து தரையில் நடந்து பார்த்தால் செய்தி விளங்கும். மூலையை அடைந்தவர் முன்னோக்கியே நிற்கிறார். உட்கோணம் 60 ஆக வேண்டுமானால், 180இல் 60 போக எஞ்சும் 120 பாகை திரும்பவேண்டும். மூன்று மூலைகளிலும் அவ்வாறு திரும்பினால் 360. புறப்பட்ட திசையையே மீண்டும் நோக்கி நிற்பார்.

ஆசிரியரின் பிழை அறியாமையால் வந்ததன்று. அறிந்த ஒன்றைப் பொருந்தா இடத்தில் வைத்ததால் வந்தது. இதுவே ஊன்றி நோக்கத்தக்கது. ‘மரம்கள்’ என்று எழுதும் பிள்ளையின் நிலையும் இதுதான். வீடுகள், காடுகள், ஆடுகள் என்று கற்ற பிள்ளை அந்த விதியை ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறது. மகரம் ககரத்தின் முன் ஙகரமாய்த் திரியும் என்பது அதற்கு இன்னும் எட்டவில்லை. சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்தால், தான் சரியாக எண்ணிய பகுதியும் தவறென்றே அது கொள்ளும். “எப்படி இவ்வாறு எழுதினாய்?” என்று கேட்டால் அன்றோ அதன் வழி தெரியும்!

கணினி ஏசுவதில்லை, அது நன்றே. ஆனால் எங்கே தவறு என்று அது சொல்வதுமில்லை. ஆறுதலும் சொல்லாது. அவை ஆசிரியரின் வேலை.

பயிற்றுநர்க்கும் ஒரு சொல். ஆசிரியர் திகைக்கும்போது சுட்டியைத் தம் கையில் வாங்கி, அரை நிமிடத்தில் 60ஐ 120 ஆக்கிச் செல்வோர் உளர். முக்கோணம் வந்துவிடும், திகைப்பு அப்படியே இருக்கும். பிள்ளையின் பென்சிலை வாங்கித் தாமே விடை எழுதித் தருவதும் அவ்வாறே. நடந்து பார்த்து 120ஐத் தாமே கண்டவரிடம் ஐங்கோணத்தைக் கொடுத்தால், எவரையும் கேளாமல் 360ஐ ஐந்தால் வகுத்து 72 என்று பொருத்துகிறார்.