பாட்டியை முன்னால வெச்சு பிளான் போடுங்க... பட்ஜெட் தானா குறையும்!

பரீட்சை முடிந்த மறுநாளே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். "அப்பா, ஊட்டிப்பா!" என்று பிள்ளைகள். "எவ்வளவு ஆகும்னு பார்த்தீங்களா?" என்று மனைவி. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி மட்டும் மெதுவாகச் சொல்வார்: "நீங்க போயிட்டு வாங்கப்பா. எனக்கு சுகர், முட்டி வலி வேற... நான் வந்தா உங்களுக்குத்தான் தொந்தரவு."

பல வீடுகளில் பாட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். சில வீடுகளில் அழைத்துப் போய், இரண்டாம் நாளே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஊர் சுற்ற வைத்திருந்த பணத்தை அங்கே கட்டுகிறார்கள். இரண்டுமே வேண்டாமே!

திட்டம் போடும்போது வீட்டிலேயே உடம்பு முடியாதவர் யாரோ, அவரை முதலில் வையுங்கள். அவரால் எவ்வளவு நேரம் உட்கார முடியும், எப்போது சாப்பிட வேண்டும், எத்தனை படி ஏற முடியும் என்பதை வைத்து நாள், ரயில், லாட்ஜ் எல்லாவற்றையும் முடிவு செய்யுங்கள். அலைச்சல் குறையும். அலைச்சல் குறைந்தால் ஆட்டோச் செலவு, ஓட்டல் செலவு, டாக்டர் செலவு எல்லாமே குறையும்.

சென்னையிலிருந்து ஊட்டிக்கு நான்கு நாள் போகும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தை மனதில் வைத்துப் பார்ப்போமா?

எப்போது போகலாம்?

மே மாதத்தில் ஊட்டியில் மலர்க் கண்காட்சி. அந்த நாட்களில் லாட்ஜ் வாடகை உச்சத்தில் இருக்கும். மலைப்பாதையில் வண்டிகள் நகராது. சுகர் இருப்பவர் வேளைக்குச் சாப்பிட முடியாமல் வண்டிக்குள்ளேயே மாட்டிக்கொள்வது இப்படித்தான். பரீட்சை சீக்கிரம் முடிந்தால் ஏப்ரலிலேயே போய்விடுங்கள். மே மாதம்தான் முடியும் என்றால் சனி, ஞாயிறைத் தவிருங்கள். ஞாயிறு இரவு கிளம்பி வியாழன் இரவு திரும்பினால் வாடகையில் பேரம் பேசலாம், கூட்டமும் குறைவு.

சொந்தக் கார், வாடகை வேனில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை வந்தது. கிளம்புவதற்கு முன் அப்போதைய விதியைப் பார்த்து பாஸ் எடுத்துவிடுங்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

டிக்கெட்டில் மிச்சம்

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. காலண்டரில் அந்த நாளை வட்டம் போட்டு வையுங்கள். தட்கலை நம்பினால் கூடுதல் கட்டணம். உறுதியான தட்கல் டிக்கெட்டை நீங்களாகக் கேன்சல் செய்தால் பணமும் திரும்பாது.

மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பழைய நினைப்பில் கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஆனால் கீழ் பெர்த்துக்கான ஒதுக்கீடு இருக்கிறது. 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் கேட்கலாம். இதில் ஒரு சூட்சுமம்: அவர்கள் தனியாகவோ, அதே தகுதியுள்ள இருவராகவோ ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் பாட்டிக்கு அந்த ஒதுக்கீடு வராது. தாத்தா, பாட்டிக்குத் தனி டிக்கெட் போடலாம். பெட்டி மாறி விழ வாய்ப்பு உண்டு என்பதையும் யோசித்துக்கொண்டு செய்யுங்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டாம் என்றால் டிக்கெட்டே வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் என்றால், தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. ஆறு வயதுக் குழந்தை அம்மாவோடு படுத்துக்கொள்ளும். பத்து வயதுப் பையனை அப்படிப் படுக்க வைத்தால் இரண்டு பேருக்கும் தூக்கம் போகும். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை மிச்சம்! அங்கிருந்து மலை ரயில் ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். ஏறிப்போக சுமார் ஐந்து மணி நேரம். முட்டி வலி உள்ளவரால் அவ்வளவு நேரம் மடக்கி உட்கார முடியுமா? முடியாதென்றால் பஸ்ஸில் ஊட்டிக்குப் போய்விட்டு, இன்னொரு நாள் ஊட்டி - குன்னூர் வரை மட்டும் மலை ரயிலில் போய் வாருங்கள். பிள்ளைகளுக்கு ரயில் ஆசை தீரும்; பாட்டிக்கும் கால் வலிக்காது.

லாட்ஜ் பிடிக்கும்போது...

வாடகை நூறு, இருநூறு குறைகிறதே என்று ஊருக்கு வெளியே மேட்டில் ரூம் எடுக்காதீர்கள். தினமும் இரண்டு தடவை ஆட்டோவுக்குக் கொடுப்பதிலேயே அந்த மிச்சம் போய்விடும். போனில் பேசும்போதே நான்கு கேள்வி கேளுங்கள்: தரைத்தளத்தில் ரூம் உண்டா? வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? குடிக்கக் காய்ச்சிய தண்ணீர் தருவீர்களா?

தண்ணீரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு பாட்டில், பாட்டில் 20 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 200 ரூபாய். நான்கு நாளைக்கு 800! அதோடு, நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடையும் இருக்கிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். சின்ன எலெக்ட்ரிக் கெட்டில் இருந்தால், ரூமில் பயன்படுத்தலாமா என்று கேட்டுக்கொண்டு நீங்களே காய்ச்சிக்கொள்ளலாம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அதனால் கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.

மூட்டை கட்டலாமா?

ஒரு பொதுவான தப்பு, எல்லோருடைய துணியையும் ஒரே பெரிய பெட்டியில் திணிப்பது. தூக்குகிறவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். போர்ட்டர் கூலியும் ஆகும். ஆளுக்கொரு சின்னப் பை போதும். கனமான ஸ்வெட்டரை இரவு ரயிலில் போட்டுக்கொண்டே போனால் பையில் இடம் மிச்சம். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். சுகர் உள்ளவர்கள் பழகிய செருப்பும் காட்டன் சாக்ஸும் அணிந்து, ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும். வலி தெரியாமலே கொப்புளம் வந்திருக்கும்.

மருந்துப் பையில் இருக்க வேண்டியவை:

* தினசரி மாத்திரைகள், போகும் நாளைவிட மூன்று நாள் கூடுதலாக. இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில் வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும்.

* டாக்டர் சீட்டு, அதன் போட்டோ ஒன்று போனிலும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இன்ஹேலர் கைப்பையிலேயே இருக்கட்டும்.

* இன்சுலின் போடுகிறவர்களுக்கு வாய் அகன்ற ஃபிளாஸ்க். ஐஸ் நேரடியாக மருந்தில் படக் கூடாது. உறைந்துபோன இன்சுலினைப் பிறகு பயன்படுத்தவே கூடாது. வெயிலில் நிற்கும் காரிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

* ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது தப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

* பாராசிட்டமால், தெர்மாமீட்டர், பஞ்சு, பேண்டேஜ். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் மலைக்குக் கிளம்பும் முன் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வழியில் சாப்பாடு

ரயிலுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை மிஞ்ச எதுவும் இல்லை! தேங்காய்ச் சட்னியும் சாம்பாரும் கோடை வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். அவற்றை வீட்டிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொய்யா, வாழைப்பழம் இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கை நீட்டாது.

சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் "ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று வேளையைத் தள்ளக் கூடாது. திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரயிலில் என்றால் 139.

மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் வாந்திதான். வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். முன் சீட்டில் உட்கார வைத்து, தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். போன் பார்த்தால் குமட்டல் கூடும். வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

குரங்குக்குத் தீனி போடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். "சின்னக் கீறல்தானே" என்று விடுவது ஆபத்து.

கவர் கணக்கு

ஐந்து கவர் எடுத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்து, தங்கல், சாப்பாடு, சாமான், அவசரம் என்று எழுதுங்கள். மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு அவசரக் கவரில் போகட்டும். மொபைலில் பணம் கட்டினாலும் அன்றைக்கு ராத்திரியே அந்தக் கவரின் மேல் எழுதிவிடுங்கள். சாமான் கவர் தீர்ந்தால் கடை வீதிப் பக்கம் போகவே கூடாது! வர்க்கியும் சாக்லேட்டும் பிள்ளைகள் வாங்கட்டும். அவர்கள் கையில் ஆளுக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் "அது வேணும், இது வேணும்" என்ற நச்சரிப்பு நின்றுபோகும். அவசரக் கவர் பிரிக்காமல் வீடு வந்தால் அதுதான் அடுத்த லீவுக்கு முதல் சேமிப்பு.

ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மதியம் சாப்பாடும் ஓய்வும். ஆறு இடத்தைக் காரில் சுற்றிக் காட்டுவதைவிட, தாவரவியல் பூங்கா புல்வெளியில் பேரன் பேத்தியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதுதான் பாட்டிக்குப் பிடிக்கும். செலவும் நுழைவுச் சீட்டோடு சரி.

வீட்டைப் பூட்டும் முன் கேஸ் வால்வை மூடுங்கள். பால், பேப்பரை நிறுத்துங்கள். வாளி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு இவற்றில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். டெங்கு கொசு முட்டை போட இதுவே போதும். எல்லாம் முடிந்ததா? பாட்டியின் மாத்திரை டப்பா கைப்பையில் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, சந்தோஷமாகக் கிளம்புங்கள்!