கோடு கருக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

ஜொகூரின் செனாய் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து, விடிந்தபின் கம்பெனி பஸ்ஸில் தாமானுக்குத் திரும்புகிறாள் ஒரு பெண். பகலில் தூங்கி மாலை நாலு மணி போல் எழுந்திருப்பாள். கணவனுக்கு சிங்கப்பூரில் வேலை; பாலத்து நெரிசலுக்கு முந்திக்கொள்ள, கோழி கூவும் முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவான். பிள்ளைக்காகக் காத்திருக்கும் இந்த இருவரும், கருமுட்டை வெளியாகும் நாளைக் கணிக்கும் சிறுநீர்ப் பட்டைகள் கொண்ட ஓவுலேஷன் கிட் ஒன்றை ஃபார்மசியில் வாங்குகிறார்கள். உள்ளே மடித்து வைத்த தாளில் “காலையில் முதல் சிறுநீரில் பார்க்கவும்” என்று போட்டிருக்கிறது. அவளுக்குக் காலை எது? கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் நாள் வாரத்தில் எத்தனை?

கல்யாணமாகி ஆறு மாதம் தாண்டினாலே, கோயிலிலும் விருந்திலும் “என்னம்மா, விசேஷம் ஒன்றும் இல்லையா?” என்று கேட்க ஆள் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் யாரிடமும் கேட்காமல் ஆன்லைனில் பட்டைகளை மொத்தமாக வாங்கி, அரைகுறையாகப் பயன்படுத்தி, இரண்டு மாதத்தில் மனம் நொந்துபோகிறார்கள். பட்டையால் பயன் உண்டுதான். ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே முடியாது என்று தெரிந்துகொண்டு தொட வேண்டும்.

பட்டைக்குத் தெரிந்தது

மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. சினைப்பையில் ஒரு கருமுட்டை முற்றியதும் அந்தச் சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை ஒரேயடியாகச் சுரக்கிறது. இந்த ஏற்றம் தொடங்கி ஏறக்குறைய 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியாகும். இரத்தத்தில் ஏறியது சிறுநீரில் தெரியச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் பட்டை ‘பாசிட்டிவ்’ காட்டினால், அடுத்த ஒன்று இரண்டு நாளுக்குள் முட்டை வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொழிற்சாலைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், தலைமை அலுவலகம் “சரக்கை அனுப்பு” என்று உத்தரவு போட்டதுவரைதான் பட்டைக்குத் தெரியும். லாரி கேட்டைத் தாண்டியதா என்று அதற்குத் தெரியாது. சிலருக்கு உத்தரவு வந்தும் முட்டை வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுவது உண்டு. கருக்குழாய் திறந்திருக்கிறதா, கணவரின் விந்தணு நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் பட்டையின் பார்வைக்கே வராதவை.

பட்டையைப் படிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அதைக் கணக்கில் எடுப்போம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. எல்.எச். எப்போதும் உடம்பில் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். மங்கலான கோட்டுக்கு இங்கே அர்த்தம் ‘நெகட்டிவ்’. சோதனைக் கோடு, பக்கத்திலுள்ள கட்டுப்பாட்டுக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிடக் கருத்தோ இருந்தால்தான் ‘பாசிட்டிவ்’. தாளில் சொன்ன நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். காய்ந்தபிறகு குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் பலன் இல்லை.

ஆறு நாள் கணக்கு

வெளியான கருமுட்டைக்கு ஆயுள் அதிகம் போனால் ஒரு நாள். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். ஆகவே முட்டை வரும்போது விந்தணு முன்பே போய்க் காத்திருப்பதுதான் நல்லது.

1995-இல் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் அமெரிக்காவின் வட கரோலினாவில் கருத்தரிக்க முயன்ற 221 பெண்களை நாள்தோறும் பின்தொடர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருத்தரித்தவர்கள் அனைவருக்கும், முட்டை வெளியான நாளோடு முடியும் ஆறு நாட்களுக்குள் சேர்ந்ததால்தான் கரு உண்டாகியிருந்தது. அதில் முதல் நாளில் சேர்ந்தால் வாய்ப்பு பத்தில் ஒன்று; முட்டை வெளியாகும் நாளில் மூன்றில் ஒன்று. மறுநாளைக்கு ஒன்றுமே இல்லை.

கோடு கருத்த அன்று மட்டும் சேர்ந்தால் போதும், அதுவரை கணவர் “சேமித்து” வைக்கட்டும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இது நேர்மாறான யோசனை. கோடு வரும்போது ஆறு நாளில் பாதிக்கு மேல் கழிந்திருக்கும். நாள் கணக்காகச் சேமிப்பதால் விந்தணுவின் தரம் கூடிவிடுவதும் இல்லை. பட்டை வைத்துப் பார்க்கத் தொடங்கும் நாளிலிருந்தே ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேருங்கள். கோடு கருத்தால் அன்றும் மறுநாளும் தவறவிடாதீர்கள். ஷிப்டு ஒத்துவராத வாரத்தில் முன்கூட்டியே ஒன்றிரண்டு முறை அமைந்தாலும் வாய்ப்பு போய்விடாது.

இவ்வளவு பாடுபட்டால் பலன் கூடுமா? 2023-இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. 40 வயதுக்குட்பட்ட, ஓராண்டுக்குள்ளாக முயன்றுவரும் பெண்களில், பட்டை இல்லாமல் கருத்தரிக்கும் வாய்ப்பு 18 சதவீதம் என்றால், பட்டையோடு அது 20 முதல் 28 சதவீதம் வரை போகலாம் என்று கணக்கிட்டது. கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

எந்த நாளில் தொடங்குவது

பதினாலாம் நாள் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதை மறந்துவிடுங்கள். அது 28 நாள் சுற்று உள்ளவர்களின் சராசரிக் கணக்கு. மாதவிடாய் தொடங்கிய முதல் நாளைத்தான் ‘நாள் 1’ என்று எண்ண வேண்டும். நின்ற நாளை அல்ல. கடந்த ஆறு மாதச் சுற்றுகளைக் காலண்டரில் குறித்து, அவற்றில் மிகக் குறுகியதை எடுத்து, அதிலிருந்து 17-ஐக் கழியுங்கள். ஒருத்திக்கு 31, 28, 33, 27, 30, 29 நாட்கள் என்று வந்திருந்தால் 27-இல் 17 போக 10. பத்தாம் நாளிலிருந்து தினமும் பட்டை வைக்க வேண்டும். சுற்று இப்படி ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒரு பெட்டியில் வரும் ஐந்து, ஏழு பட்டைகள் போதாமல் போகும்.

உடம்பே தரும் அடையாளம் ஒன்று இருக்கிறது, காசும் ஆகாது. கருமுட்டை வரும் நாட்கள் நெருங்கும்போது வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து, வழுக்கி, விரல்களுக்கிடையே இழைந்து நீளும். பட்டை கருப்பதற்கு முன்பே இது தெரியத் தொடங்கும். நம் வீடுகளில் வெள்ளைப்படுதல் என்றாலே சூடு, நோய் என்று பயப்பட வைத்து வளர்த்துவிட்டார்கள். நாற்றமும் அரிப்பும் இல்லாத இந்த வழுவழுப்பு நல்ல சேதி.

இரவு ஷிப்டுக்காரர்களுக்கு

டிஜிட்டல் வகைகளில் பல, முதல் சிறுநீரைக் கேட்கும். அதன் பொருள், நீண்ட தூக்கத்துக்குப் பிறகு வருகிற முதல் சிறுநீர். மாலை நாலு மணிக்கு எழுகிறவருக்கு அதுதான் ‘காலை’. சாதாரணக் காகிதப் பட்டைகளில் பல, காலை பத்து மணிக்கு மேல் இரவு எட்டு மணிக்குள் பார்க்கச் சொல்லும். பகலில் விழித்திருப்பவர்களில் பலருக்கு எல்.எச். விடியற்காலையில் ஏறத் தொடங்கி, சிறுநீரில் பிறகுதான் தெரிகிறது என்பதே காரணம். எந்த வகையானாலும் தினமும் ஒரே நேரத்தில், மூன்று நான்கு மணி நேரம் அடக்கிவைத்த சிறுநீரில் பார்ப்பதுதான் முக்கியம்.

நம்மூர் வெயிலுக்கும் தொழிற்சாலை வேலைக்கும் தண்ணீர் நிறையக் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் பட்டை வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் பெரிய பாட்டிலைக் காலி செய்தால் சிறுநீர் நீர்த்து, கருக்க வேண்டிய கோடு மங்கலாகவே நிற்கும். சிலருக்கு எல்.எச். ஏற்றம் ஒரு நாள்கூட நிற்காது. கோடு கருக்கத் தொடங்கியது போலத் தெரியும் நாட்களில் இரண்டு வேளை பார்க்கலாம்.

பெட்டியை வைக்கும் இடமும் கவனிக்க வேண்டியது. 30 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்றுதான் பெரும்பாலான பெட்டிகளில் அச்சிட்டிருக்கும். மாமியார் கண்ணில் படக் கூடாதென்று மோட்டார் சைக்கிள் இருக்கைக்கடியிலோ, வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டிலோ ஒளித்துவைத்த பட்டையை நம்ப முடியாது.

ஷிப்டு மாறி மாறி வேலை செய்கிறவர்களுக்குச் சுற்று முன்பின் ஆவது கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலையில் எழுந்ததும் உடல் வெப்பம் குறிக்கும் முறையும் இவர்களுக்குச் சரிப்படாது. முட்டை வெளியான பிறகு வெப்பம் அரை டிகிரிக்குள் சற்று ஏறும்; அந்தச் சிறு ஏற்றத்தைப் பிடிக்கத் தினமும் ஒரே நேரத் தூக்கம் வேண்டும். பிடித்தாலும் அது முடிந்துபோன சேதி.

பட்டை ஏமாற்றும் உடம்புகள்

பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) உள்ளவர்களில் பலருக்கு எல்.எச். அளவு எப்போதும் உயர்ந்தே இருக்கும். பட்டை நாலு நாள், ஐந்து நாள் தொடர்ந்து கருத்த கோட்டைக் காட்டும், முட்டை வந்திருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. இரண்டு மாதத்துக்கொரு முறை வரும் மாதவிடாய், தாடையில் முடி, குறையாத இடுப்புச் சுற்றளவு ஆகியவை சேர்ந்திருந்தால் பட்டைக்குச் செலவழிக்கும் வெள்ளியை முதலில் டாக்டருக்குச் செலவழியுங்கள். இதில் நம்மவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்: பி.சி.ஓ.எஸ்.ஸும் சர்க்கரை நோயும் உறவுக்காரர்கள். மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடம் 31.4 சதவீதம்.

மாதவிடாய் நிற்கப்போகும் வயதை நெருங்கினாலும் எல்.எச். உயர்ந்தே நிற்கலாம். கருத்தரிப்புச் சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்குப் பட்டை தவறாகக் கருக்கும். குளோமிபின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த நாளிலிருந்து பார்க்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோடு கருத்துச் சேர்ந்த நாலாம் நாளே கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் பிரிப்பவர்களும் உண்டு. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதைதான். கரு கருப்பையில் ஒட்டவே பெரும்பாலும் எட்டு முதல் பத்து நாளாகும். நாள் தள்ளிப் போகட்டும், அதன்பிறகு பாருங்கள்.

கணவருக்கும் ஒரு டப்பா

பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் பட்டை நனைப்பதும், விரதம் இருப்பதும், சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதும் மனைவிதான். விந்துப் பரிசோதனை வலியில்லாதது, ஊசியும் கிடையாது. ஒரு சின்ன டப்பா போதும். அதற்கு முதல் ஆளாகப் போக வேண்டிய கணவர் கடைசி ஆளாகப் போவது நம் வீடுகளில் இன்னும் மாறவில்லை. புதிய விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். இன்றைக்குச் சிகரெட்டை நிறுத்தினால் பலன் தெரிய அவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்.

எவ்வளவு நாள் பார்ப்பது

35 வயதுக்குட்பட்டவர்கள் ஓராண்டு முயன்றும் தங்கவில்லையென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 35 தாண்டியவர்களுக்கு ஆறு மாதம். 40 தாண்டினால் காத்திருக்கவே வேண்டாம். சுற்று ஒழுங்கில்லாதவர்கள், முன்பு கருக்குழாய்க் கர்ப்பம் ஏற்பட்டவர்கள், மாதவிடாயில் தாங்க முடியாத வலி உள்ளவர்கள், எந்த வயதானாலும் முதல் மாதமே போகலாம். மூன்று சுற்றிலும் கோடு ஒருமுறைகூடக் கருக்கவில்லை என்பதும் போதுமான காரணம்தான்.

அரசாங்க கிளினிக்குகளில் கர்ப்பத்துக்கு முந்தைய கவனிப்பு என்று தனிச் சேவையே இருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தச்சோகை, தலசீமியா ஆகியவற்றைப் பார்த்து, தேவையானால் கூலாய் மருத்துவமனைக்கோ ஜொகூர் பாருவுக்கோ அனுப்புவார்கள். கருத்தரிக்க முயலும் ஒவ்வொரு பெண்ணும் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும். கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினால்தான் குழந்தையின் முதுகுத்தண்டுக் கோளாறைத் தடுக்க உதவும். நீரிழிவோ வலிப்புநோயோ உள்ளவர்களுக்கு அளவு மாறும், டாக்டரிடம் கேளுங்கள்.

முட்டை உண்மையில் வெளியானதா என்பதைச் சொல்ல புரொஜெஸ்டிரோன் இரத்தப் பரிசோதனை உண்டு. இதை ‘21-ஆம் நாள் டெஸ்ட்’ என்பார்கள். 35 நாள் சுற்று உள்ளவர் 21-ஆம் நாளில் எடுத்தால் ‘முட்டை வரவில்லை’ என்று தவறான முடிவு வரலாம்; அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு, அதாவது 28-ஆம் நாளில் எடுக்க வேண்டும். கிளினிக்குப் போகும்போது சுற்று குறித்த காலண்டர், கோடு கருத்த நாட்கள், இருவரின் ஷிப்டு அட்டவணை மூன்றையும் கொண்டுபோங்கள். கணவரையும் கூடவே கூட்டிப்போங்கள். அவருக்கும் அன்றே டப்பா கொடுத்துவிடலாம்.