எழுதிய வட்டு ஏன் எழுப்பவில்லை?

நுழையும்முன்

நின்றுபோன கணினியை எழுப்ப ஒரு குறுவட்டு போதும். ஆயினும், நாமே எழுதிய வட்டைக் கணினி சில வேளைகளில் ஏற்க மறுக்கிறது. அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

1. அழிப்பதற்கு முன் எழுப்புக

மாணவர்களே! பிழைப்பை நாடியும் பணிமாறுதல் பெற்றும் தமிழகத்திலிருந்து மைசூருவுக்கு வந்து வாழும் குடும்பங்கள் பல. அவர்களுடைய வீட்டுக் கணினிகளில் ஊர்த் திருவிழாப் படங்களும், திருமணக் காட்சிகளும், தாத்தா பாட்டியின் குரல் பதிவுகளும் சேர்ந்திருக்கும். ஒருநாள் அக்கணினி இயங்க மறுத்தால், 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இயங்குதளத்தை ஏற்றிவிடலாம்' என்று எவரேனும் கூறக்கூடும். இயங்குதளம் மீண்டும் கிடைக்கும்; பாட்டியின் குரல் மீண்டும் கிடைக்குமா?

கணினி தொடங்கவில்லை என்பதால், அதிலுள்ள கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளில்லை. பல வேளைகளில் இயங்குதளம் மட்டுமே பழுதுற்றிருக்கும். வன்தட்டில் கோப்புகள் அப்படியே இருக்கும். அவற்றை மீட்க உதவுவதே 'நேரடி வட்டு'. இது வன்தட்டின் உதவியை நாடாமல், வட்டிலிருந்தே இயங்குதளத்தை நினைவகத்திற்குக் கொண்டுவந்து இயக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் நாப்பர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நாப்பிக்ஸ்' இவ்வகை வட்டுகளுள் பெயர்பெற்ற ஒன்றாகும்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நடந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்கி 2007 ஆம் ஆண்டில் வெளியிட்டது. தமிழ், கன்னடம் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இதனைப் பயன்படுத்தலாம். 2011 ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளிலும் பாஸ் லினக்ஸ் இடம்பெற்றது. இத்தகைய இயங்குதளங்களை இணையத்திலிருந்து கட்டணமின்றிப் பெற்று, வட்டில் எழுதிக்கொள்ளலாம். அவ்வாறு எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

2. கணினி எங்கே தேடுகிறது?

வட்டு ஏன் எழுப்பவில்லை என்பதை அறிய, அது எவ்வாறு எழுப்புகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கணினியின் மின்விசையை அழுத்தியவுடன், தாய்ப்பலகையில் உள்ள 'பயாஸ்' என்னும் சிறு நிரல் விழித்துக்கொள்கிறது. அதற்கு இயங்குதளம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. வன்தட்டு, வட்டு இயக்கி, பென் டிரைவ் என ஒரு வரிசையில் ஒவ்வொரு வாயிலாகத் தட்டிப் பார்க்கும். எந்த வாயிலில் விடை கிடைக்கிறதோ அங்கே பொறுப்பை ஒப்படைத்துவிடும்.

வட்டில் தரவுகள் 2048 பைட் அளவுள்ள சிறு சிறு பகுதிகளாக எழுதப்பட்டுள்ளன. அவற்றிற்கு 0 முதல் வரிசை எண்கள் உண்டு. 16 ஆம் எண்ணுள்ள பகுதியில் வட்டைப் பற்றிய அடிப்படை விவரங்கள் இருக்கும். வட்டு கணினியை எழுப்பவல்லது எனில், 17 ஆம் பகுதியில் அதற்கான அறிவிப்பு இருக்கும். எழுப்பும் நிரல் வட்டின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை அறிய வழிகாட்டுவது அவ்வறிவிப்பே. இம்முறையைப் பீனிக்ஸ், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்கள் 1995 ஆம் ஆண்டில் வகுத்தன. இதற்கு 'எல் டோரிட்டோ' என்பது பெயர்.

எனவே, வட்டில் எல்லாக் கோப்புகளும் இருந்தால் மட்டும் போதாது. குறித்த இடத்தில் குறித்த அறிவிப்பும் இருத்தல் வேண்டும்.

3. உறைக்குள் போன முகவரி

இயங்குதளம் நமக்கு 'ஐ.எஸ்.ஓ.' என்னும் ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. இதனை வட்டுப் படிமம் என்பர். ஒரு முழு வட்டின் முதற்பகுதியிலிருந்து இறுதிப்பகுதி வரை உள்ள அனைத்தும் இதில் வரிசை மாறாமல் அடங்கியிருக்கும்.

பலர் இக்கோப்பைப் படத்தையோ பாட்டையோ பதிவு செய்வது போல வட்டில் இட்டுவிடுகின்றனர். வட்டு எழுதப்பட்டுவிட்டது, கோப்பும் அதில் தெரிகிறது, ஆயினும் கணினி எழவில்லை. ஏன்? ஒரு கடிதத்தை எண்ணிப் பாருங்கள். ஊரும் தெருவும் கதவு எண்ணும் கடிதத்தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. உறையின் மேல் ஒன்றும் எழுதவில்லை. அஞ்சல்காரர் அதனை எங்கே கொண்டு சேர்ப்பார்? எழுப்பும் அறிவிப்பு படிமத்திற்குள் இருக்கிறது. வட்டின் 17 ஆம் பகுதியில் இல்லை. பயாஸ் உறையை மட்டுமே பார்க்கும். உறையைப் பிரித்துப் பார்க்காது.

இதனைக் கண்டறிவது எளிது. அவ்வட்டை நன்கு இயங்கும் வேறொரு கணினியில் இட்டுத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு ஐ.எஸ்.ஓ. கோப்பு மட்டும் தெரிந்தால், வட்டு தவறான முறையில் எழுதப்பட்டுள்ளது. பல கோப்புறைகளும் கோப்புகளும் தெரிந்தால், படிமம் விரித்து எழுதப்பட்டுள்ளது என்று கொள்ளலாம். முதல் நிலையில், வட்டு எழுதும் மென்பொருளில் 'படிமத்தை எழுதுக' என்னும் பொருள்தரும் கட்டளையைத் தேர்ந்து, புதிய வட்டில் மீண்டும் எழுத வேண்டும்.

4. மூலமும் படியும்

படிமமாகவே எழுதியும் வட்டு எழுப்பவில்லையா? அடுத்து நோக்க வேண்டியது, எழுதப்பட்ட தரவு சரியானதா என்பது.

அக்காலத்தில் ஓலைச்சுவடியைப் பார்த்துப் படி எடுத்தோர் சில இடங்களில் எழுத்தைத் தவறவிட்டனர். சில இடங்களில் ஓர் எழுத்தை வேறோர் எழுத்தாக எழுதினர். ஆகவே, பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை ஒப்புநோக்கியே பாடத்தை உறுதி செய்தனர். 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் இவ்வாறே உழைத்தார். கணினிக் கோப்பிற்கும் ஒப்புநோக்கல் தேவை. பதிவிறக்கம் நடுவில் தடைப்பட்டால், கோப்பின் ஒரு பகுதி விடுபட்டுப் போகலாம்.

இதற்காகவே, இயங்குதளத்தை வெளியிடுவோர் கோப்புடன் ஒரு 'சரிபார்ப்புக் குறியீட்டையும்' வெளியிடுகின்றனர். கோப்பு முழுவதையும் கணக்கிட்டுப் பெறப்படும் நீண்ட எண்ணெழுத்துத் தொடர் இது. எஸ்.எச்.ஏ-256 என்னும் முறையில் இத்தொடர் 64 குறிகளைக் கொண்டிருக்கும். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் தொடர் முற்றிலும் வேறாகிவிடும். நம்மிடம் உள்ள கோப்பின் குறியீட்டைக் கணக்கிட்டு, வெளியிட்டோர் தந்த குறியீட்டுடன் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாயின் படி பிழையற்றது. வேறாயின் கோப்பை மீண்டும் பதிவிறக்க வேண்டும்.

5. வட்டும் இயக்கியும்

கோப்பு சரியாக இருந்தும், எழுத்து தெளிவின்றி அமையலாம். எழுதத்தக்க வட்டில் ஒரு மெல்லிய சாயப் படலம் உள்ளது. லேசர் ஒளி அப்படலத்தைச் சூடாக்கிப் புள்ளிகளைப் பதிக்கிறது. மிகு வேகத்தில் எழுதினால் தரம் குறைந்த வட்டுகளில் புள்ளிகள் தெளிவாகப் பதியாமல் போகலாம். குறைந்த வேகத்தைத் தேர்ந்து எழுதுவதும், எழுதி முடித்தவுடன் 'சரிபார்' என்னும் வசதியைப் பயன்படுத்துவதும் நன்று.

வட்டின் கொள்ளளவையும் கருதுதல் வேண்டும். குறுவட்டில் ஏறத்தாழ 700 மெகாபைட் கொள்ளும், ஓரடுக்கு டி.வி.டி.யில் 4.7 கிகாபைட் கொள்ளும். டி.வி.டி.யில் எழுதிய படிமத்தைக் குறுவட்டு மட்டும் படிக்கும் பழைய இயக்கியில் இட்டால், அவ்வியக்கியால் அதனைப் படிக்க இயலாது.

வட்டில் தூசி படிந்திருந்தால், மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தல் கூடாது. தரவுத் தடம் சுருள்வடிவில் செல்கிறது. வட்டமாக விழும் கீறல் தடத்தின் வழியே நீண்டு, அடுத்தடுத்த தரவுகளைக் கெடுத்துவிடும். குறுக்காக விழும் கீறலோ ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே கெடுக்கும். அதனை வட்டிலுள்ள பிழைதிருத்த முறை பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.

6. கேட்கும் வரிசை

வட்டில் குறையில்லை எனில், கணினியை நோக்க வேண்டும். வன்தட்டு வரிசையில் முதலில் இருந்தால், வட்டின் முறை வருவதற்கு முன்பே கணினி வன்தட்டிடம் சென்றுவிடும். மின்விசையை அழுத்தியவுடன் எஃப்2, எஃப்12, எஸ்கேப், டிலீட் ஆகிய விசைகளுள் ஒன்றை அழுத்தினால் இவ்வரிசையை மாற்றலாம். எந்த விசை என்பது கணினிதோறும் வேறுபடும். திரையில் அக்குறிப்பு சில நொடிகள் தோன்றி மறையும். சில வட்டுகள் 'ஏதேனும் ஒரு விசையை அழுத்துக' என்று கேட்கும். அழுத்தாவிட்டால், அவ்வட்டைக் கடந்து கணினி அடுத்த வாயிலுக்குச் சென்றுவிடும். அப்போது வட்டும் பழுதில்லை, கணினியும் பழுதில்லை. கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கவில்லை, அவ்வளவே!

புதிய கணினிகளில் பயாஸுக்கு மாற்றாக 'யு.இ.எஃப்.ஐ.' என்னும் அமைப்பு உள்ளது. அதிலுள்ள 'பாதுகாப்பான தொடக்கம்' என்னும் காவல், தான் அறிந்த கையொப்பம் இல்லாத நிரலை உள்ளே விடாது. மேலும், 64 பிட் இயங்குதளம் 32 பிட் செயலி கொண்ட பழைய கணினியில் இயங்காது.

7. ஒன்றை மட்டும் மாற்றுக

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து தேட வேண்டும் என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் தரும் அறிவு. அவ்வறிவு இங்கும் பொருந்தும். இரண்டு சோதனைகள் நமக்குப் பெரிதும் உதவும்.

முதலாவது, நாம் எழுதிய வட்டை வேறொரு கணினியில் இட்டுப் பார்த்தல். அங்கே எழுப்பினால், வட்டு பெரும்பாலும் குறையற்றது. நம் கணினியை ஆராய வேண்டும். இரண்டாவது, எழுப்பவல்லது என நன்கறிந்த வேறொரு வட்டை நம் கணினியில் இட்டுப் பார்த்தல். அது எழுப்பினால், நாம் எழுதிய வட்டையே ஆராய வேண்டும். ஒரே நேரத்தில் வட்டையும் வரிசையையும் வேகத்தையும் மாற்றினால், எதனால் குணமாயிற்று என்பது தெரியாமல் போகும். ஆகவே, ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுக. மாற்றியதையும் விளைவையும் குறிப்பேட்டில் எழுதுக.

வட்டு எழுப்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திரையில் இரண்டு வழிகள் தோன்றும். ஒன்று, 'நிறுவாமல் இயக்கிப் பார்', மற்றொன்று, 'நிறுவு'. மகிழ்ச்சியில் இரண்டாவதை அழுத்திவிடாதீர்கள்! நிறுவும்போது வன்தட்டு முழுவதையும் அழிக்கும் வழியைத் தேர்ந்துவிட்டால், காக்க விரும்பிய படங்களும் குரல்களும் அதனுடன் போய்விடும். முதல் வழியைத் தேர்ந்து, கோப்புகளைப் பென் டிரைவிலோ வெளி வன்தட்டிலோ படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே மற்றவற்றைச் செய்க. பதறாத காரியம் சிதறாது.

இக்காலக் கணினிகள் பலவற்றில் வட்டு இயக்கியே இல்லை. அவற்றைப் பென் டிரைவினால் எழுப்புகின்றனர். கருவி மாறினாலும், படிமத்தை முறையாக எழுதுதல், மூலத்துடன் ஒப்பிடுதல், தேடும் வரிசையை அறிதல் ஆகியவை மாறவில்லை.

நம் மைசூருவில் இதற்கு ஒத்த ஒரு செய்தி உண்டு. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த ஓர் ஓலைச்சுவடி இங்குள்ள கீழ்த்திசை நூலகத்தில் சேர்ந்தது. கிரந்த எழுத்தில் அமைந்த அச்சுவடி கௌடிலியரின் அர்த்தசாத்திரம் என்பதை நூலகர் ஆர். சாமா சாஸ்திரி கண்டறிந்து, 1909 ஆம் ஆண்டில் பதிப்பித்தார். ஓலையில் நூல் முழுமையாக இருந்தும், அவ்வெழுத்தைப் படிக்க வல்லார் கையில் சேர்ந்த பிறகே அது உலகிற்குப் பயன்பட்டது. வன்தட்டில் உறங்கும் உங்கள் குடும்பக் கோப்புகளும் அத்தகையவையே. அவற்றை அழிக்கச் சொல்வோருக்கு முன், 'சற்றுப் பொறுங்கள், நான் பார்க்கிறேன்' என்று சொல்லும் அறிவும் பொறுமையும் உங்களிடம் இருக்கட்டும்.

சொற்பொருள்

இயங்குதளம் – கணினியின் எல்லாச் செயல்களையும் நடத்தும் அடிப்படை மென்பொருள்
வன்தட்டு – கணினியின் நிலையான சேமிப்பகம்
படிமம் – ஒன்றின் முழு உருவப் படி
ஒப்புநோக்கல் – இரண்டை அருகருகே வைத்து ஒப்பிடுதல்
வல்லார் – திறமை உடையவர்

பயிற்சி

1. கோப்புகள் அனைத்தும் வட்டில் இருந்தும் கணினி எழாமைக்குக் காரணம் யாது? கடித உறை உவமையைக் கொண்டு விளக்குக.

2. வட்டில் குறையா, கணினியில் குறையா என்பதை அறிய உதவும் இரண்டு சோதனைகளை எழுதுக.

3. பிரித்து எழுதுக: குறுவட்டு, வட்டுப்படிமம், ஓலைச்சுவடி.

4. கன்னடத்தில் கணினியைக் 'கணக யந்திர' என்பர். இப்பாடத்தில் வரும் வேறு மூன்று சொற்களுக்குரிய கன்னடச் சொற்களை நண்பரிடம் கேட்டு எழுதுக.

5. உங்கள் வீட்டில் அழியாமல் காக்க வேண்டிய படங்கள், குரல் பதிவுகள் யாவை? பெற்றோருடன் பேசிப் பட்டியலிடுக. அவற்றுள் எவற்றிற்கு இரண்டாவது படி இல்லை என்பதையும் குறிப்பிடுக.